மணி மட்டும் போவதில்லை

கிரிம்ஸ்பித் துறைமுகத்தின் மூன்றாம் கொட்டகையில்
ஹாடக் மீனுக்கு முள்ளெடுக்கிறாள் டைவா.
லித்துவேனியாவிலிருந்து வந்து பதினோரு வாரம்.
கையிலுள்ள ஆங்கிலம் முழுவதும்
ஒரு ரப்பர் கையுறைக்குள் அடங்கிவிடும்.
ஆஃப் என்றால் அணைவது.
விளக்கு விசையில் எழுதியிருக்கிறது,
கத்தி தீட்டும் இயந்திரத்திலும் எழுதியிருக்கிறது,
இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்தச் செவ்வாய் இரவு
லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து
வாக்கிடாக்கியில் கேட்டார் மேற்பார்வையாளர் ட்ரஸ்காட்:
குளிரறை அலாரம் கான் ஆஃப் ஆகிவிட்டதா?
அவள் தலைக்கு மேலே அது
அலறிக்கொண்டிருந்தது, நின்றபாடில்லை.
உள்ளதை உள்ளபடி சொன்னாள்:
இல்லை. இன்னும் இல்லை.
நல்லது, என்றார் ட்ரஸ்காட்.

விடிவதற்குள் நாற்பது பெட்டி மீனும்
கான் ஆஃப்.
மூடியைத் திறந்து பார்த்த ட்ரஸ்காட்
அவள் முகத்துக்கு நேரே வென்ட் ஆஃப்.
பட்டாசும் துப்பாக்கியும் அப்படித்தான் போகுமாம்,
பிறகு சொன்னார்கள்.

பக்கத்து மேசை மேக்ஸீன் மட்டும்
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
என் புருஷன்கூட வென்ட் ஆஃப்தான், என்றாள்.
டைவா கவலையோடு கேட்டாள்:
அணைந்தானா, அழுகினானா, வெடித்தானா?
மேக்ஸீன் கொஞ்சம் யோசித்தாள்.
ஏறக்குறைய அந்த வரிசையில்தான்,
அதற்கப்புறம் டான்காஸ்டருக்கு,
யாருடைய கேரவானிலோ.

இதைக் கேட்டுச் சிரிக்க
நமக்கு உரிமை கொஞ்சம்தான்.
பால் கெட்டுப்போகிறது, விளக்கு அணைந்துபோகிறது,
வீட்டுக்காரன் ஓடிப்போகிறான்,
ஒரு நாள் எல்லாமே வெறுத்துப்போகிறது.
எது கிடைத்தாலும் அதன் வாலில்
ஒரு போ-வைக் கட்டித் தெருவில் விட்டுவிடுகிறோம்.
மணி மட்டும் நமக்குப் போவதில்லை.
அடிக்கிறது.
இருந்த இடத்திலேயே இருந்து அடிக்கிறது.

மார்ச் கடைசியில் ஒரு காலை
டைவா கோப்பையைத் தள்ளிவைத்தாள்.
புகை போட்ட மீனின் வாடை வந்தாலே
குழாயடிக்கு ஓடினாள்.
டீ உனக்கு கான் ஆஃப்பா? என்றாள் மேக்ஸீன்.
டைவா மோந்து பார்த்தாள். பால் நன்றாகத்தான் இருந்தது.
டீ இல்லை, பெண்ணே. நீ.
சொல்லிக்கொண்டே
செதில் ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணி
நவம்பரில் நிறுத்தினாள்.

டிசம்பர்.
ரீமாஸ் கடலுக்குள், காற்றாலை வேலையில்,
பதினைந்து நாள் கழித்துத்தான் கரை.
இரண்டு ராத்திரி கண் மூடாத டைவா
அடுப்படி நாற்காலியில் சரிந்துகிடந்தாள்.
மாடியிலிருந்து வெறுங்காலோடு இறங்கிவந்து
கதவோரம் நின்று கிசுகிசுத்தாள் மேக்ஸீன்:
குழந்தை கான் ஆஃப்.

நாற்காலி கவிழ்ந்தது.
நாற்பது பெட்டியும் ஒருசேரத் திறந்துகொண்டன,
விசை தெரிந்தது, கேரவானின் பின்விளக்கு தெரிந்தது.
பதினான்கு படியை எப்படி ஏறினாளோ,
தொட்டிலுக்குள் குனிந்து
முள் குத்திய வடு மாறாத கையை
அந்தச் சின்ன மூக்கின் அருகே நீட்டினாள்.

வெதுவெதுப்பாக ஒன்று.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னொன்று.

தூங்கிப்போயிருந்தாள் குழந்தை.
அவ்வளவுதான்.
அந்தச் சொல்லுக்குள் இதுவும் இருந்திருக்கிறது,
இத்தனை நாளும், இத்தனை மெல்லிசாக.

கீழே, டோஸ்ட் கருகி,
புகை அலாரம் வீடதிரக் கத்தத் தொடங்கியது.
அலாரம் கான் ஆஃப்! என்று
அதைவிட உரக்கக் கத்தினாள் மேக்ஸீன்.
குழந்தை வீறிட்டது.

டைவா தன் மொழியில்
ஒரு வசைச்சொல் சொன்னாள்.
அதற்கு ஒரே அர்த்தம்தான்.